கட்டளை வரியில் மாற்றுப்பெயர்களும் குறுக்குவிசைகளும்

மாற்றுப்பெயர் என்பது லினக்ஸ், மேக்ஓஎஸ் போன்ற யுனிக்ஸ் வகை இயக்குதளங்களில், நீண்ட கட்டளை ஒன்றுக்குப் பயனர் தாமே வைத்துக்கொள்ளும் குறும்பெயர் ஆகும். பயனர் தட்டச்சு செய்யும் கட்டளையைப் படித்து நிறைவேற்றும் நிரல் ஷெல் எனப்படுகிறது. குறும்பெயரை முழுக் கட்டளையாக விரிப்பதும் இந்த ஷெல்தான். மாற்றுப்பெயர் தட்டச்சு வேலையைக் குறைக்கும். ஆனால் கட்டளையின் பொருளையே மாற்றுமாறு வைத்தால், கோப்புகளை இழக்கவும் அது காரணமாகலாம்.

இக்கட்டுரையில் கட்டளைகளின் பெயர்கள் ஒலிப்புப்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

வரலாறு

1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வந்த போர்ன் ஷெல்லில் மாற்றுப்பெயர் வசதி இல்லை. ஏறக்குறைய அதே காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல், மாற்றுப்பெயர்களையும் முந்தைய கட்டளைகளை மீட்டெடுக்கும் வசதியையும் யுனிக்ஸ் பயனர்களிடையே பரப்பியது. வீட்டு அடைவைக் குறிக்கும் ~ குறியும் சி ஷெல் வழியாகவே பரவியது. அக்காலத்து ஏடிஎம்-3ஏ முனையத்தின் விசைப்பலகையில் அக்குறியும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையில் இருந்தன.

பின்னர் பெல் ஆய்வகத்தில் டேவிட் கார்ன் எழுதிய கார்ன் ஷெல், 1989இல் குனூ திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட பாஷ், 1990இல் வந்த இசட் ஷெல் ஆகியவை இவ்வசதிகளை ஏற்றுக்கொண்டன. இன்று பல லினக்ஸ் வழங்கல்களில் பாஷ் இயல்பு ஷெல்லாக உள்ளது. மேக்ஓஎஸ்ஸில் 2019இல் வெளியான கேட்டலினா பதிப்பு முதல் இசட் ஷெல் இயல்பாக வருகிறது.

உருவாக்கும் முறை

பாஷ், இசட் ஷெல் இரண்டிலும் மாற்றுப்பெயரை எழுதும் அமைப்பு இதுதான்:

அலியாஸ் புதுப்பெயர்='முழுக் கட்டளை'

சமக்குறியின் இருபுறமும் இடைவெளி விடக்கூடாது. ஒற்றை மேற்கோள்களைப் பயன்படுத்துவது நல்லது. இரட்டை மேற்கோள்களுக்குள் மாறி ஏதேனும் இருந்தால், மாற்றுப்பெயரை உருவாக்கும் கணத்திலேயே அதன் மதிப்பு நிலைத்துவிடும். எடுத்துக்காட்டாக, நடப்பு அடைவைக் குறிக்கும் மாறியை அப்படி எழுதினால், பிறகு எந்த அடைவுக்குச் சென்றாலும் பழைய அடைவின் பெயரே வரும்.

முனையத்தில் நேரடியாகத் தட்டச்சு செய்த மாற்றுப்பெயர் அந்தச் சாளரத்தை மூடியதும் மறைந்துவிடும். நிலையாக இருக்க வேண்டுமானால், வீட்டு அடைவில் உள்ள தொடக்கக் கோப்பில் அதை எழுத வேண்டும். பாஷுக்கு அது புள்ளி-பாஷ்ஆர்சி, இசட் ஷெல்லுக்குப் புள்ளி-இசட்எஸ்எச்ஆர்சி. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் இக்கோப்புகள் தென்படா. மாற்றங்களைச் சேமித்தபின் சோர்ஸ் கட்டளையால் கோப்பை மீண்டும் படிக்கச் செய்யலாம், அல்லது புதிய முனையத்தைத் திறக்கலாம்.

பயனுள்ள மாற்றுப்பெயர்கள்

பிறருடைய நீண்ட பட்டியலை அப்படியே நகலெடுப்பதைவிட, தாம் அடிக்கடி எழுதும் கட்டளைகளுக்குப் பெயர் வைப்பதே பயன் தரும். ஹிஸ்டரி என்ற கட்டளை முன்பு எழுதியவற்றைக் காட்டும். பாஷ் இயல்பாக 500 கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும். அப்பட்டியலில் திரும்பத் திரும்ப வருபவை எவை என்று பார்த்தாலே எதற்குக் குறும்பெயர் தேவை என்பது விளங்கும்.

உபுண்டுவில் எல்எல், எல்ஏ, எல் ஆகிய மூன்று மாற்றுப்பெயர்கள் முன்கூட்டியே தரப்படுகின்றன. மூன்றும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெவ்வேறு வடிவங்கள். எல்எல் கோப்பின் அளவு, உரிமையாளர், தேதி முதலிய விவரங்களைத் தரும். எல்ஏ மறைந்த கோப்புகளையும் சேர்த்துக் காட்டும். ஓர் அடைவு மேலே செல்ல இரண்டு புள்ளிகளையும், இரண்டு அடைவுகள் மேலே செல்ல மூன்று புள்ளிகளையும் மாற்றுப்பெயர்களாக வைப்பதும் பரவலான வழக்கம்.

புதுப்பெயர் ஏற்கெனவே உள்ள நிரலின் பெயராக இருந்துவிடக்கூடாது. கிட் ஸ்டேட்டஸ் கட்டளைக்குப் பலர் ஜிஎஸ் என்று பெயர் வைக்கின்றனர். ஆனால் பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரலின் கட்டளைப் பெயரும் ஜிஎஸ்தான். மாற்றுப்பெயர் வைத்ததும் அந்நிரல் அதன் பின்னால் மறைந்துவிடும். ஒரு பெயர் எதைக் குறிக்கிறது என்பதை டைப் என்ற கட்டளையால் முன்கூட்டியே சோதிக்கலாம்.

நீக்கும் கட்டளையில் உள்ள ஆபத்து

கோப்புகளை நீக்கும் ஆர்எம் கட்டளை அவற்றைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்புவதில்லை. நீக்கியவற்றை மீட்பது கடினம். எனவே நீக்குமுன் கேட்கும் 'ஐ' என்ற தெரிவைச் சேர்த்து, ஆர்எம் என்ற அதே பெயருக்கு மாற்றுப்பெயர் வைக்கும் வழக்கம் உள்ளது. ரெட் ஹாட் லினக்ஸில் நிர்வாகிக் கணக்குக்கு இது இயல்பாகவே அமைக்கப்பட்டுள்ளது.

இந்தப் பாதுகாப்புக்கு எல்லை உண்டு. கட்டாயமாக நீக்கச் சொல்லும் 'எஃப்' தெரிவைப் பயனர் சேர்த்து எழுதினால், பின்னால் வரும் தெரிவே செல்லும் என்பதால் கேள்வி எழாது. அதைவிடப் பெரிய சிக்கல் பழக்கம். "எப்படியும் கேட்கும்" என்ற நம்பிக்கையில் வேலை செய்தவர், அந்த மாற்றுப்பெயர் இல்லாத வேறொரு கணினியிலோ தொலைதூரச் சேவையகத்திலோ அதே கட்டளையைக் கொடுத்தால், கோப்புகள் கேளாமலே நீங்கிவிடும்.

இதற்கு மாற்றாக, ஆர்எம் கட்டளையை அப்படியே விட்டுவிட்டு, கேட்டு நீக்கும் வடிவத்துக்குத் தனிப் பெயர் வைக்கலாம். அப்பெயர் இல்லாத கணினியில் 'கட்டளை கிடைக்கவில்லை' என்ற பிழைச்செய்தி மட்டுமே வரும், கோப்புகளுக்குத் தீங்கில்லை. லினக்ஸில் உள்ள குனூ ஆர்எம்மில் பெரிய எழுத்து 'ஐ' தெரிவும் உண்டு. மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளையோ முழு அடைவையோ நீக்கும்போது அது ஒரே ஒரு முறை கேட்கும்.

எல்லைகள்

மாற்றுப்பெயர் பொதுவாகக் கட்டளையின் முதற்சொல்லாக வரும்போதே விரியும். எனவே நிர்வாகி உரிமையுடன் இயக்கும் சூடோவுக்குப் பின் எழுதினால் இயல்பாக வேலை செய்யாது. பாஷில் கோப்பாக எழுதி இயக்கும் நிரல்தொடர்களிலும் இயல்பாக விரியாது. கட்டளையின் நடுவில் கோப்புப் பெயர் போன்ற ஒன்றைச் செருக வேண்டுமானால் ஷெல் செயற்கூறு எழுத வேண்டும். புதிய அடைவை உருவாக்கி உடனே அதற்குள் செல்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெரும்பாலான தேவைகளுக்குச் செயற்கூறே ஏற்றது என்று பாஷ் கையேடும் கூறுகிறது.

மாற்றுப்பெயரை ஒரு முறை மட்டும் தவிர்க்க, கட்டளைக்கு முன் பின்சாய்வுக்கோடு இடலாம். அடியோடு நீக்க அன்அலியாஸ் கட்டளை உதவும்.

குறுக்குவிசைகள்

கீழ்க்காணும் விசைகள் பாஷின் இயல்பு அமைப்பில் வேலை செய்பவை. மாற்றுப்பெயரைப் போல இவற்றை ஒவ்வொரு கணினியிலும் அமைக்க வேண்டியதில்லை.

• கன்ட்ரோல்-ஏ: வரியின் தொடக்கத்துக்குச் செல்லும். கன்ட்ரோல்-ஈ: இறுதிக்குச் செல்லும்.
• கன்ட்ரோல்-டபிள்யூ: முந்தைய சொல்லை அழிக்கும். கன்ட்ரோல்-யூ: வரியின் தொடக்கம் வரை அழிக்கும். இப்படி அழித்ததைக் கன்ட்ரோல்-ஒய் மீண்டும் ஒட்டும்.
• கன்ட்ரோல்-ஆர்: பழைய கட்டளைகளில் தேடும். கட்டளையின் ஒரு துண்டு நினைவிருந்தால் போதும்.
• ஆல்ட்-புள்ளி: முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லைக் கொண்டுவரும்.
• !! குறி: முந்தைய கட்டளை முழுவதையும் குறிக்கும். சூடோ சேர்க்க மறந்தால், சூடோ என எழுதி இக்குறியை இட்டால் போதும்.
• சிடி கட்டளைக்குப் பின் ஒரு சிறுகோடு: முன்பு இருந்த அடைவுக்குத் திரும்பும்.

பல முனையங்களில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் திரை உறைந்ததுபோல் நின்றுவிடும். இது பழுது அன்று. கன்ட்ரோல்-கியூ அழுத்தினால் மீண்டும் இயங்கும்.