தலைக்காயமும் சமூக சேவைத் தண்டனையும்

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, நாட்டின் பொதுத் தண்டனைச் சட்டத்தில் முதன்முறையாகச் சமூக சேவையை, அதாவது சமூகத்துக்குப் பயன்படும் வேலையை ஊதியமின்றிச் செய்வதை, ஒரு தண்டனையாகச் சேர்த்தது. ஆறு குற்றங்களுக்கே பொருந்தும் இந்தத் தண்டனையைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள நீதிமன்றங்கள் விதிக்கும்போது, எதிரே நிற்பவருக்கு முன்பு தலையில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்கச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.

அந்த ஆறில் மூன்றைக் கூர்ந்து நோக்கினால் இந்தக் குறையின் ஆழம் புலப்படும். பிரகடனம் வெளியிட்டும் நீதிமன்றத்தில் ஆஜராகாமை (பிரிவு 209), குடிபோதையில் பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடத்தல் (பிரிவு 355), 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறையாகத் திருடிப் பின் திருப்பித் தருதல் (பிரிவு 303) ஆகிய மூன்றுக்கும் மூளைக்காயத்தின் பின்விளைவுகளோடு நெருங்கிய உறவு உண்டு. நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்மடல் அடிபட்டால், வாய்தா நாளை நினைவில் வைப்பதும், எழும் வேகத்தை அடக்குவதும், செயலின் விளைவை முன்கூட்டி எண்ணுவதும் தளர்ந்துவிடுகின்றன. நடை தள்ளாடிப் பேச்சும் குழறினால், குடிக்காதவரையே குடிகாரர் என்று பிறர் முடிவுகட்டிவிடுவார்கள். லேசான காயமாயின் சி.டி. ஸ்கேனில்கூட எதுவும் தெரியாமல் போகலாம். இத்தகையவர் தம் செயலின் தன்மையைப் பெரும்பாலும் அறிந்தே இருப்பதால், சித்த சுவாதீனமற்றவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பும் அவருக்கு எட்டுவதில்லை.

புதுச்சேரியிலிருந்து கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் செல்லும் நெடுஞ்சாலையில் ஹெல்மெட் இன்றி விழுபவரின் உயிரைக் காக்க, தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கிறது. அது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால் தையல் பிரித்து வீடு திரும்பியவரின் கோபமும் மறதியும் மாதங்கள் கழித்துத் தலைதூக்கும்போது, வீட்டார் அதைக் குணக்கேடு என்கிறார்கள். காவல் நிலையமும் அப்படியே எழுதிக்கொள்கிறது. பெண்களின் நிலை இன்னும் மறைவானது. ஸ்காட்லாந்துச் சிறைகளில் இருந்த 109 பெண்களை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வு, அவர்களில் 78 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க தலைக்காய வரலாறு இருந்ததையும், அவற்றில் பெரும்பாலானவை குடும்ப வன்முறையால் நேர்ந்தவை என்பதையும் காட்டியது. சுவரில் மோதப்பட்ட தலைக்கு இங்கு மருத்துவமனைச் சீட்டு இருப்பது அரிது.

சமூக சேவைத் தண்டனை பெற்றவர் குறித்த நாளில், குறித்த இடத்துக்குத் தாமாகவே வந்தாக வேண்டும். சிறையைப் போல நேரத்தை நினைவூட்டும் மணியோ காவலரோ அங்கு இல்லை. நினைவாற்றல் குன்றியவர் தவறவிடும் ஒவ்வொரு நாளும் அடங்காமையாகப் பதிவானால், கருணையோடு வகுக்கப்பட்ட தண்டனையே அவரைக் கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையின் வாசலுக்குக் கொண்டுபோய்விடும். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர், அடிபட்டு நினைவிழந்ததுண்டா என்று விசாரித்து எழுதுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஐயம் எழுந்தால் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். வேலை நாளை வாரந்தோறும் ஒரே கிழமையில் வைத்து, அதை எழுதிக் கொடுத்து, வீட்டில் ஒருவருக்கும் சொல்லி வைக்கலாம்.