குறட்டை நின்றால் நிம்மதியா?

"இவர் விடற குறட்டையில வீடே அதிருது டாக்டர். நடுவுல திடீர்னு சத்தமே நின்னுடுது. பயந்துபோய்த் தட்டி எழுப்பறேன்!" நெமிலியில் என்னிடம் வரும் பெண்கள் பலர் சொல்லும் குறை இது.

அந்தத் திடீர் அமைதிதான் ஆபத்து. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. இப்படிப் பத்து விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்பதுதான் 'ஸ்லீப் ஆப்னியா'. ஒவ்வொரு முறையும் ரத்தத்தில் பிராணவாயு குறையும். ரத்த அழுத்தம் எகிறும். வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கலாம். அங்கே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்!

நாடி பிடிக்கும்போதே துடிப்பு தப்புவது தெரியும். உடனே இ.சி.ஜி. எடுக்க அனுப்புவேன். ஆனால் ராத்திரி மூச்சு நிற்பதைப் பகலில் பார்க்கும் நாடி சொல்லாது.

"பகல்ல எனக்குத் தூக்கமே வராதே, எனக்கு எப்படி இருக்கும்?" என்று இருந்துவிடாதீர்கள். இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களில் பலருக்கு, மூச்சு நின்றாலும் பகலில் தூக்கம் வருவதில்லை. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டிலேயே சோதனை

மூக்கருகே சிறு குழாய், மார்பில் பட்டை, விரலில் கிளிப். இவற்றை மாட்டிக்கொண்டு உங்கள் கட்டிலிலேயே தூங்கலாம். தோல் தொழிற்சாலையில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவரா? வழக்கமாகத் தூங்கும் பகல் நேரத்திலேயே செய்யலாமா என்று கேளுங்கள்.

மணிக்கு 5 தடவைக்குள் மூச்சு தடைபட்டால் பெரியவர்களுக்குக் கவலையில்லை. 15-ஐத் தொட்டால் நடுத்தரம். 30-ஐத் தொட்டால் கடுமை.

கவனியுங்கள்

* சில கருவிகள் விரலின் நாடித் துடிப்பை வைத்தே கணக்குப் போடும். துடிப்பு தப்பினால் கணக்கும் தப்பலாம். உங்கள் இதயக் கோளாறை முன்பே சொல்லிவிடுங்கள்.

* நீங்கள் விழித்திருந்த நேரத்தையும் வீட்டுக் கருவி தூக்கமாகவே எண்ணலாம். அதனால் எண்ணிக்கை குறையும். 'நோய் இல்லை' என்று வந்தும் சந்தேகம் இருந்தால், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனையில் ஓர் இரவு தங்கி முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

* இதயம் பலவீனமானவர்கள், கடுமையான நுரையீரல் நோய் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் நேராக மருத்துவமனைச் சோதனைக்கே போவது நல்லது.

நோய் உறுதியானால், மூச்சுப்பாதையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும் 'சிபாப்' கருவி உண்டு. எடையைக் குறையுங்கள், மதுவை விடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, லேகியத்தை நம்பி நிறுத்தவே கூடாது. சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்! அந்த மாத்திரையோடு எந்த மூலிகை மருந்து சேர்ப்பதானாலும், இரண்டு டாக்டர்களிடமும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.