அதிரும் எஞ்சின்

மோட்டார் வண்டியின் எஞ்சின் அதிர்ந்தால் உடனே அதைப் பிரித்துப் போடுவோர் பலர். நோயை அறியுமுன் மருத்துவர் கத்தியை எடுக்கலாமா?

சுழலும் உறுப்பின் ஒருபுறம் பளு மிகுந்தால், மையவிலக்கு விசை அதன் அச்சை ஒவ்வொரு சுற்றிலும் இழுத்து ஆட்டும். மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி வெறும் 10 கிராம் மிகையாக இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 3,000 சுற்று வேகத்தில் அது ஏறக்குறைய 10 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையாகிவிடும். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். மெல்ல ஓடும்போது மட்டும் எஞ்சின் குலுங்கினால், அது பெரும்பாலும் சமநிலைக் குறையன்று; ஏதோ ஒரு சிலிண்டர் சரிவர எரியாமல் இருக்கலாம்.

வேகத்தோடு அதிர்வும் வளர்ந்தால், வண்டியை நிறுத்திக் கியரை விடுவித்து, எஞ்சினை மட்டும் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். அதிர்வு மறைந்தால், குறை பெரும்பாலும் சக்கரங்களிலோ அவற்றைச் சுழற்றும் தண்டிலோ உள்ளது. நீடித்தால் கிளச்சை அழுத்துங்கள். அதிர்வு மாறினால் கிளச்சை ஐயுறலாம். மாறாவிடில், எஞ்சினை நிறுத்தி விசிறிப் பட்டையைக் கழற்றி, மிகச் சிறிது நேரம் ஓட்டுங்கள். அதிர்வு அடங்கினால், குறை பட்டையால் சுழலும் உறுப்பொன்றில் இருக்கிறது.

இவற்றால் அடங்காத அதிர்வே கிராங்குத் தண்டையும் பிளைவீலையும் ஆராயச் சொல்வது. பிளைவீலைக் கழற்றுமுன் அது இருந்த நிலையைக் குறியிட்டுக்கொள்ளுங்கள். இடம் மாற்றிப் பூட்டினால், சில எஞ்சின்களில் அதுவே புதிய அதிர்வுக்கு வித்தாகும். அதிர்வைப் பொருட்படுத்தாது ஓட்டினாலோ, பேரிங்குகள் தேய்ந்து எஞ்சினே பாழாகும்.