காதில் சீழ்வடிதல்: நாள்பட்ட நடுச்செவி அழற்சியின் இயல்பும் மருத்துவமும்

முன்னுரை

காது, மூக்கு, தொண்டை ஆகிய மூன்றும் புறத்தோற்றத்தில் வெவ்வேறு உறுப்புகள். உள்ளே ஒரே சவ்வுப் படலத்தின் தொடர்ச்சியால் இணைந்தவை. மூக்கின் பின்புறத்தில் தொடங்கும் தொற்று காதைச் சென்றடைவதற்கு இத்தொடர்ச்சியே வழி. இவ்வகை நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவதும், மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் காதில் சீழ்வடிதல் ஆகும். உலக நலவாழ்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, உலகில் 6.5 கோடி முதல் 33 கோடி வரையிலான மக்களுக்குக் காதில் சீழ் வடிகிறது எனவும், அவர்களுள் 60 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க கேட்புக் குறைபாடு உடையவர்கள் எனவும் மதிப்பிட்டது.

சிறுவயதில் காது ஒழுகுவது இயல்பு, வளர்ந்தால் தானே நின்றுவிடும் என்னும் எண்ணம் குடும்பங்களில் வேரூன்றியுள்ளது. சீழ் சில வேளைகளில் தானே நிற்பதும் உண்டு. ஆயினும் சீழ் நிற்பதும் நோய் தீர்வதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை மையமாகக் கொண்டு நாள்பட்ட நடுச்செவி அழற்சியை இக்கட்டுரை விளக்குகிறது.

நோய் தோன்றும் முறை

செவிப்பறைக்கு உட்புறம் உள்ள காற்றறையே நடுச்செவி. இதனையும் மூக்கின் பின்பகுதியையும் யூஸ்டேசியன் குழல் இணைக்கிறது. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இக்குழல் திறந்து நடுச்செவியின் காற்றழுத்தத்தைச் சமன்செய்கிறது. வளர்ந்தோரிடம் இது ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளமும் நல்ல சாய்வும் உடையது. பிறந்த குழந்தையிடம் இதில் பாதி நீளமே இருக்கும், சாய்வும் குறைவு. எனவே சளி பிடித்த குழந்தைக்குக் காதுவலி விரைவில் வருகிறது. படுத்த நிலையில் புட்டிப்பால் கொடுப்பதும், வீட்டில் பிறர் புகைப்பதும் இந்நோய்க்கு இடமளிக்கின்றன.

நடுச்செவியில் சேரும் சீழ் அழுத்தம் மிகுந்து செவிப்பறையைத் துளைத்து வெளியேறும்போது வலி திடீரெனக் குறையும். நோய் நீங்கிவிட்டதாகப் பெற்றோர் எண்ணுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலான துளைகள் சில வாரங்களில் தாமே மூடிக்கொள்ளும். மூடாத துளை வழியே குளிக்கும் நீரும் கிணற்று நீரும் உட்புக, சளி பிடிக்கும்போதெல்லாம் சீழ் மீண்டும் மீண்டும் வடியத் தொடங்குகிறது. இந்நிலையே நாள்பட்ட அழற்சி. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், தாய்ப்பால் ஆகியவற்றைக் காதில் ஊற்றுவதும், கோழி இறகாலும் ஊக்காலும் குடைவதும் துளையுள்ள காதிற்குக் கேடு செய்பவை. எண்ணெய் விட்டதும் கிடைக்கும் இதமான சூடே அதனை மருந்தெனக் கருதச் செய்கிறது போலும்.

இரு வகைகள்

முதல் வகையில் துளை செவிப்பறையின் இறுகிய பகுதியில் அமைகிறது. சீழ் நிறைய வடியும். சளி போன்று இழுபடும். பெரும்பாலும் நாற்றம் இராது. இரண்டாம் வகையில் செவிப்பறையின் மேற்பகுதியோ விளிம்போ உள்நோக்கி இழுக்கப்பட்டுப் பை போலாகி, அதனுள் தோலின் உதிர்வுகள் சேர்ந்து திரள்கின்றன. இத்திரளுக்குக் கொலஸ்டியடோமா என்று பெயர். கொழுப்புக் கட்டி என்று பொருள்படும் இப்பெயர் தவறானது. அது கட்டியும் அன்று, கொழுப்பும் அன்று. இருக்கக் கூடாத இடத்தில் வளரும் தோல் அது. சுற்றியுள்ள எலும்பை அரிப்பது அதன் இயல்பு. இங்குச் சீழ் சிறிதளவே வரும்; ஆனால் கடும் நாற்றம் வீசும்.

மக்களின் பொது அறிவு இங்குத் தலைகீழாகிறது. நிறைய வடியும் காதைக் கண்டு அஞ்சுவோர், தலையணையில் சிறு கறை மட்டும் படியும் காதைப் பொருட்படுத்துவதில்லை. நடுச்செவியின் கூரைக்கும் மூளைக்கும் இடையே மெல்லிய எலும்புத் தகடு ஒன்றே உள்ளது. அது அரிக்கப்பட்டால் மூளையுறை அழற்சி, மூளைச் சீழ்க்கட்டி ஆகியன நேரும். முகநரம்பு செல்லும் எலும்புக்கால்வாய் அரிக்கப்பட்டால் வாய் ஒருபுறம் கோணும். உட்செவி தாக்குண்டால் தலைசுற்றல் வரும். நீண்ட நாள் சீழ் வடிந்த காதுடைய ஒருவருக்குக் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, முகக்கோணல் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1900ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று பாரிசில் இறந்தமைக்கு, காதுநோயின் தொடர்ச்சியாக வந்த மூளையுறை அழற்சியே காரணம் எனப் பரவலாக ஏற்கப்படுகிறது. அவர்தம் தந்தை வில்லியம் வைல்டு, டப்ளினில் காதுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற அறுவை வல்லுநர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் இந்நோய் எத்தகையது என்பதற்கு இக்குடும்பமே சான்று.

மருத்துவம்

முதற்படி காதை உலர்த்துதல். சீழ் நிறைந்த காதில் இடும் மருந்து நோயுற்ற இடத்தைச் சென்றடைவதில்லை. எனவே தூய பஞ்சுத்திரியால் சீழை ஒற்றியெடுத்த பின்பே சொட்டு மருந்து இடவேண்டும். சிக்கலற்ற காதில் வாய்வழி மாத்திரைகளைவிடச் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற சொட்டு மருந்துகளே முதன்மையானவை. புட்டியை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்து வெதுவெதுப்பாக்குதல் நன்று; குளிர்ந்த மருந்து தலைசுற்றலை உண்டாக்கும். ஜென்டாமைசின் கலந்த சொட்டு மருந்து துளையுள்ள காதில் உட்செவியைப் பாதிக்கக் கூடும். மருத்துவரைக் காணாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதன் இடர் இது. குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சால் காதை அடைத்தல் வேண்டும், நீச்சல் தவிர்க்கத்தக்கது.

உலர்ந்த பின்னும் துளை மூடாவிடில் செவிப்பறைச் சீரமைப்பு அறுவை செய்யப்படும். 1950களில் செருமானிய மருத்துவர்களான வுல்ஸ்டைனும் சோல்னரும் இதன் நெறிகளை வகுத்தனர். காதின் மேற்புறத் தசையை மூடியிருக்கும் மெல்லிய உறையை எடுத்துத் துளையை மூடுவது இன்று பரவலாக உள்ள முறை. கொலஸ்டியடோமாவை மருந்தால் கரைக்க இயலாது. காதின் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து அதனை முற்றிலும் அகற்றவேண்டும். இவ்வறுவையின் முதல் நோக்கம் உயிர்க்காப்பு; கேட்புத்திறனை மீட்டல் அடுத்ததே. நோய் மீளக் கூடுமாதலின் பல்லாண்டுகள் தொடர்ந்து பார்க்கவேண்டியுள்ளது.

கேட்பும் மொழியும்

செவிப்பறைத் துளையால் வரும் கேட்புக் குறைவு முழுச் செவிடு அன்று. அதனாலேயே அது கண்ணில் படுவதில்லை. முப்பது, நாற்பது டெசிபல் குறைந்த குழந்தை பேச்சைக் கேட்கும். ஆனால் மெலிந்து ஒலிக்கும் பகுதிகளை இழக்கும். தமிழில் திணை, பால், எண், இடம், வேற்றுமை ஆகியவற்றை உணர்த்தும் உருபுகள் பெரும்பாலும் சொல்லின் இறுதியில் அமைகின்றன. 'வந்தான்', 'வந்தாள்' என்பவற்றின் வேறுபாடு இறுதி மெய் ஒன்றில் நிற்கிறது. பேச்சு வழக்கில் அம்மெய்யும் தேய்கிறது. இத்தகைய குழந்தை எழுதும்போது ஈறுகளில் பிழை செய்வதும், சொல்வதை எழுதுதலில் தடுமாறுவதும் எதிர்பார்க்கத் தக்கனவே. அது கவனக்குறைவு என்றோ மந்தம் என்றோ பதிவாகிவிடுகிறது. மொழி கற்பித்தல் பற்றிய ஆய்வுகளில் மாணவர்தம் பிழைகளைத் தொகுப்போர், அவர்களின் கேட்புத்திறனையும் சோதித்தறிதல் இன்றியமையாதது.

2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம், 18 வயது வரையிலானோரிடம் கண்டறியவேண்டிய குறைகளுள் நடுச்செவி அழற்சியையும் கேட்புக் குறைபாட்டையும் சேர்த்துள்ளது. பரிசோதனைக் குழு பள்ளிக்கு வரும் நாளில், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத மாணவரையும், ஒரு காதை முன்நீட்டிக் கேட்கும் மாணவரையும் குறிப்பிட்டுக் காட்டக் கூடியவர் வகுப்பாசிரியரே. அறுவைக்குக் காத்திருக்கும் காலத்தில் அம்மாணவரை, நன்கு கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்குமாறு முதல் வரிசையில் அமர்த்துவதற்குச் செலவேதும் இல்லை.