ஆற்றலும் உறுதியும்

மோட்டார் காரின் ஆற்றலைக் குதிரைத்திறன் என்னும் அளவால் கூறுகிறோம். அதனை எவ்வாறு பெருக்குகிறார்கள் என்று காண்போமா?

எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து எரிகின்றன. அந்த அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ள, கனெக்டிங் ராடு கிராங்க் ஷாப்டைச் சுழற்றுகிறது. காற்றும் பெட்ரோலும் மிகுந்தால் ஆற்றலும் மிகும். இதற்காகவே, வெளியேறும் புகையால் சுழன்று காற்றை அமுக்கி உள்ளே செலுத்தும் டர்போசார்ஜரைப் பொருத்துகிறார்கள். காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றையும் அளவோடு இசைவிப்பதே ட்யூனிங் ஆகும். பெட்ரோல் குறைந்தாலோ, தீப்பொறி மிக முந்தினாலோ கலவை முறையின்றி வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும்.

நிமிடத்திற்கு 6000 சுற்று ஓடும்போது பிஸ்டன் வினாடிக்கு 100 முறை மேலும் கீழும் சென்று வருகிறது. சுழலும் வேகம் இரு மடங்கானால், அதனைத் திருப்பும் கனெக்டிங் ராடு தாங்கவேண்டிய விசை நான்கு மடங்காகிறது! ஆகவே வார்ப்புப் பிஸ்டனுக்குப் பதிலாக, காய்ச்சி அழுத்தி உருவாக்கிய உறுதியான பிஸ்டனை அமைக்கிறார்கள்.

ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் 1993-இல் வெளியிட்ட சுப்ரா காரைப் பாருங்கள். அதன் 3 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் அங்கு 280 குதிரைத்திறனுடன் விற்பனையாயிற்று. ஆனால் அதன் வார்ப்பிரும்பு உடலும், ஏழு பேரிங்குகள் தாங்கும் கிராங்க் ஷாப்டும் மிக உறுதியானவை. எனவே பிஸ்டன், ராடு, டர்போ முதலியவற்றை மாற்றியவர்கள் அதிலிருந்தே 1000 குதிரைத்திறனுக்கு மேல் பெற்றிருக்கிறார்கள்.

பாறையின்மேல் வீடு கட்டியவனைப் பற்றி நற்செய்தியில் படிக்கிறோம். முதலில் உறுதி, பிறகே ஆற்றல். இப்பாடம் எஞ்சினுக்கு மட்டுமா? நமக்கும் அன்றோ!