எஞ்சின் தாங்கும் சக்தி எவ்வளவு?

இறைப்புக்கு எண்ணெய் எஞ்சின் வைத்திருக்கும் குடியானவர்களில் பலர், அதன் தகட்டில் பொறித்துள்ள குதிரைசக்திக்கு மேலாகவும் வேலை வாங்கிவிடலாமென்று எண்ணுகிறார்கள். டீசல் பம்பின் திருகைச் சற்றுத் திருப்பினால் சக்தி கூடுவது மெய்யே. ஆனால் அச்சக்தியைச் சுமப்பது பிளாக்கு எனப்படும் வார்ப்பிரும்பு உடலும், அதனுள் சுழலும் தண்டுமேயாகும். அவை எதை எத்தனை காலம் தாங்கும் என்பதை அறியாமல் சக்தியைக் கூட்டினால், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் இறைப்பு நின்றுபோக நேரிடும்.

இதற்குச் சென்னைக்கு வடக்கேயுள்ள திருவொற்றியூரிலேயே நல்லதோர் உதாரணம் உண்டு. 1955-இல் ஏற்பட்ட என்பீல்டு இந்தியா கம்பெனியார் அங்கே செய்த புல்லட் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. அதன் சக்தி 18 குதிரை. பிற்காலத்தில் அதே கம்பெனியார் டீசல் மோட்டார் சைக்கிள் ஒன்றும் விற்றார்கள். அதன் எஞ்சின், நிலையாக வைத்து ஓட்டும் சிறு எஞ்சின்களின் இனத்தைச் சேர்ந்தது; கொள்ளளவு 325 கன சென்டிமீட்டர், சக்தியோ 6½ குதிரை மட்டுமே. கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றாயிருக்க, சக்தி மூன்றில் ஒரு பங்காய்க் குறைந்தது ஏன்?

புல்லட் தன் முழுச் சக்தியையும் நிமிஷத்துக்குச் சுமார் 5,600 சுற்று வேகத்தில்தான் தருகிறது. மேடு ஏறும்போது சில நிமிஷம் அது தேவைப்படும். சமதரையில் அதில் ஒரு பகுதியே போதும். இறைப்பு எஞ்சினோ காலை முதல் மாலை வரை ஒரே சுமையை இழுக்க வேண்டும். ஆகையால் அதன் வேகமும் எண்ணெய் அளவும் வேண்டுமென்றே குறைவாக வைக்கப்படுகின்றன.

பின்னர் வந்த பெரிய புல்லட்டில், 90 மில்லிமீட்டர் ஓட்டம் மாறாமல், சிலிண்டரின் விட்டம் 70-லிருந்து 84 மில்லிமீட்டராக்கப்பட்டது. கொள்ளளவு 44 சதவிகிதம் உயர்ந்தது. சக்தியோ 22 குதிரை, அதாவது 22 சதவிகிதமே உயர்ந்தது. செய்தவர்களே இவ்வளவு இடம்விட்டு நிறுத்தியிருக்க, பட்டறையில் ஒரு திருகைத் திருப்பி நாம் அவ்விடத்தைப் பறித்துக்கொள்ளலாகாது.

பிளாக்கை வருத்துவன மூன்று. முதலாவது அழுத்தம்: எண்ணெய் மிகுந்தால் பிஸ்டன் மேல் விழும் அடியும் மிகும், தலைப்பகுதியின் கேஸ்கெட்டும் பேரிங்குகளும் முதலில் கெடும். இரண்டாவது வேகம்: சுற்று 1,500-லிருந்து 1,800 ஆனால், பிஸ்டனின் வீச்சு விசை 44 சதவிகிதம் கூடும்; அதே எஞ்சின் ஓட்டும் மையவிலக்குப் பம்பு கேட்கும் சக்தியோ ஏறக்குறைய முக்கால் பங்கு கூடும். மூன்றாவது வெப்பம்: எண்ணெயின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது; மற்றது நீர் வழியும் புகை வழியும் வெளியேற வேண்டும். வெளியேறாத வெப்பத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பிளாக்கு வெடிக்கும்.

ஆகவே திருகைத் தேடுவதைவிட, வாங்கும்போதே கணக்குப் பார்ப்பது நலம். விநாடிக்கு 10 லிட்டர் நீரை 15 மீட்டர் உயர்த்த வேண்டுமானால், 10-ஐ 15-ஆல் பெருக்கி 75-ஆல் வகுக்க, 2 குதிரை வரும். பம்பு பாதித் திறனே உடையதாயின் 4 குதிரை தேவை. கால் பங்கு கூட்டி, 5 குதிரை எஞ்சின் வாங்குவது தகும்.

கவனிக்க வேண்டியவை:

1. தகட்டில் கண்ட சுற்றையும் சக்தியையும் மீறலாகாது. நிலையான வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு 12 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் மட்டும் 10 சதவிகித மிகுசுமை தாங்கும் என்பதே பொதுக் கணக்கு. அதனைத் தினசரி வழக்கமாக்கலாகாது.

2. கரும்புகை தொடர்ந்து வந்தால் சுமையை உடனே குறைக்க வேண்டும்.

3. கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றவோ இறுக்கவோ கூடாது.

4. காய்ந்த எஞ்சினில் திடீரெனக் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது.

5. சிலிண்டரைத் துளைத்துப் பெரிதாக்குகையில், செய்தவர் விதித்த கடைசி அளவைத் தாண்டலாகாது. சுவர் மெலிந்தால் பலமும் குறையும்.

கிணற்றில் நீர்மட்டம் தாழ்ந்து, உயர்த்த வேண்டிய அளவு மிகுந்துவிட்டால், அதே எஞ்சினை அடித்து ஓட்டாமல், சிறிய பம்பைப் பூட்டிச் சற்று நீண்ட நேரம் இறைப்பதே சிக்கனம். மெதுவாக இறைத்த நீரும் பயிருக்குச் சேரும். உடைந்த பிளாக்கு ஒரு துளி நீரும் தராது.