காப்பீடு திரும்புகிறது, நிரூபணம் திரும்பியதா?

ஆஸ்திரேலியாவின் தனியார் மருத்துவக் காப்பீட்டில், ‘எக்ஸ்ட்ராஸ்’ எனும் கூடுதல் சேவைப் பிரிவுக்குள் யோகா, தாய்சி, பிலாட்டீஸ், உடல் நிலையைச் சீராக்கும் அலெக்ஸாண்டர் முறை உட்பட ஏழு சிகிச்சைகள் மறுபடி இடம்பெறலாம். ‘தெளிவான சான்று இல்லை’ என்று 2019 ஏப்ரல் 1 அன்று வெளியே தள்ளப்பட்டவை மொத்தம் 16. வந்திருக்கும் வாசகர் கடிதங்களில் பாதி, ‘அன்று பயனில்லை என்றவர்கள் இன்று எப்படி ஒத்துக்கொண்டார்கள்?’ என்று கேட்கின்றன. மீதி, ‘அரசே ஒத்துக்கொண்டுவிட்டதே, இனி மாத்திரை எதற்கு?’ என்கின்றன. இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். அரசு அகராதியில் ‘தெளிவான சான்று இல்லை’ என்றால், தேடிய இடத்தில் போதுமான ஆய்வு அகப்படவில்லை என்று பொருள். பயன் இல்லை என்று பொருளல்ல. அதே அகராதியில் ‘மீண்டும் சேர்ப்பு’ என்பதற்கு ‘நிரூபணமானது’ என்றும் பொருள் கிடையாது. இடைப்பட்ட ஆண்டுகளில் மனித உடம்பு மாறவில்லை. மேசைமேல் இருந்த காகிதக் கட்டுதான் கொஞ்சம் தடித்திருக்கிறது.

அந்தக் கட்டில் எதை நம்பலாம்? சும்மா உட்கார்ந்திருப்பவரோடு ஒப்பிட்டால் எந்த உடற்பயிற்சியும் ஜெயிக்கும். ஆகவே ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியது, எதிரணியில் யாரை நிறுத்தினார்கள் என்பதை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. ஏற்கெனவே விழுந்தவர்கள் அல்லது நடை தளர்ந்தவர்கள் என 70 வயது தாண்டிய 670 பேரை மூன்று அணிகளாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வாரம் இரண்டு வகுப்பு, தலா ஒரு மணி நேரம், 24 வாரம். ஓர் அணிக்குத் தாய்சியிலிருந்து வடித்தெடுத்த பயிற்சி. இன்னொன்றுக்கு வலிமை, சமநிலை, நடை எல்லாம் கலந்த வழக்கமான உடற்பயிற்சி. மூன்றாவதுக்கு வெறும் தசை நீட்டல். ஆறு மாதத்தில் தாய்சி அணியில் 152 தடவை விழுந்தார்கள், கலவைப் பயிற்சி அணியில் 218, நீட்டல் அணியில் 363. நீட்டலை வென்றதில் அதிசயமில்லை. அதே அளவு நேரம் வியர்வை சிந்திய அணியையும் மிஞ்சியதுதான் விஷயம்.

தாய்சியில் அப்படி என்ன கூடுதல்? பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெல்ல மாற்றுகிறார்கள். மாறும்போது கவனத்தை அந்த மாற்றத்திலேயே வைக்கிறார்கள். ‘மைண்ட்ஃபுல்’ என்று விளம்பரங்கள் விற்பதன் சரக்கு இவ்வளவுதான். ஊதுபத்தியும் புல்லாங்குழலும் கணக்கில் வராது. நடைக்கும் கவனத்துக்கும் உள்ள உறவை ஸ்வீடனில் 1997இல் எளிதாகக் காட்டினார்கள். பராமரிப்பு இல்லத்தில் இருந்த 58 முதியவர்களோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகிவிட்டால், பேச்சுக்கோ தடுக்கும் மிதியடிக்கோ மிச்சமிருப்பதில்லை. வகுப்பில் கவனித்துக் கவனித்துப் பழக்கினால் தெருவில் கவனிக்காமலே கால் சரியாக விழும் என்பது இதிலிருந்து நான் எடுக்கும் ஊகம்.

ஓரிகன் ஆய்வுக்கு மறுப்புகள் உண்டு, அவை வலுவானவையும்கூட. தாங்கள் எந்தப் பயிற்சி செய்கிறோம் என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும். ஆய்வை நடத்தியவரே அந்தப் பயிற்சியை வடிவமைத்தவர். ஆனாலும் வலி குறைந்ததாகத் தோன்றுவதைப் போல, தரையில் விழாததாகத் தோன்றிவிடாது. இன்னொரு மறுப்புதான் என்னைத் தடுமாற வைக்கிறது: பலன் தந்தது கவனமா, வெறும் பாரமாற்றமா? இரண்டையும் இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. சரி, பிரிக்க வேண்டாம். பலன் அந்தச் சேர்க்கைக்கு என்றே வைத்துக்கொண்டாலும், படுத்தபடியே முடிந்துபோகும் யோகா வகுப்புக்கு அதில் பங்கு கேட்க முடியாது. காப்பீடோ அசைவைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்த்துப் பணம் தருகிறது. மறுபக்கம் ஃபெல்டன்கிரைஸ் முறை பட்டியலுக்கு வெளியிலேயே நிற்கிறது. இயற்பியலாளரும் ஜூடோ வீரருமான மோஷே ஃபெல்டன்கிரைஸ், தன் முழங்கால் காயத்தோடு மல்லுக்கட்டி உருவாக்கிய முறை அது. மெதுவான அசைவும் கவனமுமே அதன் உயிர். ஆளுக்கு ஆள் மாறும் பாடத்தை ஆய்வுக்கூடத்தின் அச்சில் வார்ப்பது கடினம். அச்சில் அடங்குவதற்குத்தான் காகிதம் சேர்கிறது.

இனி மற்றக் கேள்விகள். அரசின் மெடிகேரில் கிடைக்குமா? இது தனியார் காப்பீடு பற்றிய மாற்றம் மட்டுமே.

முதுகுவலிக்கு? பிரிட்டனில் 579 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், அலெக்ஸாண்டர் முறையில் 24 பாடம் கற்றவர்களுக்கு ஓராண்டு கழித்து நான்கு வாரத்தில் வலித்த நாள்கள் 3, கற்காதவர்களுக்கு 21.

மாத்திரையை நிறுத்தலாமா? உங்கள் டாக்டர் சொல்லாமல் கூடாது.

கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்புக்குக் கிளெய்ம் உண்டா? சேர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் முடிவு. வகுப்பில் சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.